ஆறாத சட்டி

கூடலூருக்கு மேலே கரடிப்பாறை வளைவில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி ஒருநாள் சூடேறி அதற்குப் பிறகு ஆறவே இல்லை என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் "அதெப்படி?" என்று கேட்பார்கள், எங்கள் மலைக்காரர்கள் "பக்கத்துல துணி காயப்போட இடம் இருக்கா?" என்று கேட்பார்கள். ஆனி பிறந்து ஐப்பசி போகிறவரை வெயிலைக் காலண்டர் படத்தில் மட்டுமே பார்க்கிற ஊரில் எது முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கதையை அடியிலிருந்து சொல்லவேண்டும், இந்தக் கதையின் அடி அந்தச் சட்டியின் அடிதான், அது மஸ்கட்டிலிருந்து வந்தது.

கொண்டுவந்தவள் பெர்பெத்து. கடல் தாண்டிப் போனவர்கள் திரும்பும்போது கம்பளி கொண்டுவருவார்கள், பேரீச்சம்பழம் கொண்டுவருவார்கள், மூடியைத் திறந்தால் மூன்று வீடு தாண்டி மணக்கிற சென்ட்டு கொண்டுவருவார்கள். பெர்பெத்து பெரிய ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டில் ஒரு பாடு வருஷம் கறி வாட்டிவிட்டு, கம்பளியையும் சென்ட்டையும் அங்கேயே கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டி கொள்ளும் எடை முழுக்க ஒரே ஒரு கறுப்புச் சட்டியாக வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பெட்டியைத் தூக்கப்போன அண்ணன் தனிஸ்லாஸ், தூக்கிய வேகத்தில் பெட்டியோடு சேர்ந்து அவரும் உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, கல்லறைக் கல்லா?"

"சட்டிண்ணா."

"சட்டி ஏன் இந்தக் கனம் கனக்குது?"

"சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கணும்ல. கனமில்லாதது எதையும் பிடிச்சு வெச்சுக்காது."

தனிஸ்லாஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அவர் வாயால் நடந்தது. அவர் எங்கள் அந்தோனியார் கோயிலுக்குக் கோயில்பிள்ளை. சாமியார் மாதத்துக்கு இரண்டு முறைதான் மலையேறி வருவார், மற்ற நாளெல்லாம் மணியடிப்பதும் மெழுகுத்திரி ஏற்றுவதும் செபம் சொல்வதும் தனிஸ்லாஸ்தான். சொல்லிச் சொல்லி அவருக்கு அது மூச்சு மாதிரி ஆகி, மேசைமேல் எது வந்து உட்கார்ந்தாலும் நெற்றிக்குக் கை போய்விடும், வாய் தானாகத் திறந்துவிடும். டீக்கடையில் பன்னுக்கு முழுச் செபம் சொல்லுவார், அதற்குள் டீ ஆறிவிடும். ஒருதடவை எலக்ட்ரீசியன் ரிப்பேருக்குக் கழற்றி மேசையில் வைத்த மின்விசிறிக்கும் சொல்லி முடித்துவிட்டார், அது இன்றுவரை பழுதாகவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவி அமலோற்பவம். அவள் பெர்பெத்துவுக்கு அண்ணியானது பிற்பாடு, முதலில் அவள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே குடையில் பள்ளிக்கூடம் போன கூட்டாளி. ஆறாம் வகுப்பில் பெர்பெத்துவின் தொண்டையில் மத்தி மீன் முள் சிக்கியபோது வாய்க்குள் விரலைவிட்டு அதை எடுத்தவளும் அவள்தான். கலியாண வயது வந்து அமலிக்கு எங்கோ தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், அவ்வளவு தூரம் இவளை விடுவதா என்று பெர்பெத்து தன் அண்ணனையே பிடித்துக் கட்டிவைத்தாள். நாலு பேர் முன்னால் "அண்ணி, வாங்க போங்க", ஆள் இல்லாதபோது "அமலி, வாடி போடி" என்று இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருநாள் மஸ்கட்டுக்கு விசா வந்தது, பெர்பெத்து போய்விட்டாள்.

திரும்பி வந்த வருஷம் அந்தோனியார் திருநாளுக்குத் தன் கைக்கறிதான் என்று பெர்பெத்து சொல்லிவிட்டாள். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கால் வைத்து அடுப்பாக்கி, மறுபாதியை மூடியாக்கி, நடுவில் பழைய ஜன்னல் கம்பியைப் போட்டாள். பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூர்களை எரித்தெடுத்த கரியை அடுப்பின் ஒரு ஓரத்தில் மட்டும் குவித்தாள். முந்தின நாளே உப்புத் தடவிய மாட்டுக்கறித் துண்டுகளை, ஒவ்வொன்றும் மூன்று விரல் கனம், கரி இல்லாத மறு ஓரத்தில் அடுக்கி மூடினாள். அமலோற்பவம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கறி அந்தப் பக்கம், நெருப்பு இந்தப் பக்கம். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

"கறிக்கு நெருப்பை நேரா காட்டக்கூடாது அண்ணி. நெருப்பு இருக்குன்னு தகவல் மட்டும் சொல்லணும்."

"நாம முதல்ல சட்டியக் காயவெச்சு, எண்ணெயில சுருக்குன்னு ஒரு வாங்கு வாங்கிட்டு, அப்புறம்தானே தண்ணி ஊத்தி வேகவைப்போம்?"

"இது தலைகீழ். முதல்ல மெதுவா வேகும். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். கடைசியாத்தான் சட்டியில போட்டுச் சுடுறது."

"தலைகீழா நின்னுதான் திங்கணுமா?"

பெர்பெத்து முள் மாதிரி ஒரு கம்பியைக் கறிக்குள் குத்தி அதன் தலையிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். கறிக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் என்று விருந்துக்கு வந்திருந்த சனம் சிரித்தது. "ஆமா, காய்ச்சல் வரவும் இறக்கிடணும், விட்டா ஜன்னி கண்டுரும்" என்று அவளும் சிரித்தாள். அதுதான் அந்த வருஷம் அவள் கடைசியாகச் சிரித்தது.

காய்ச்சல் வந்ததும் கறியை இறக்கித் தட்டில் வைத்து, தட்டை மேசையில் வைத்தாள். மழையில் ஊறிய செருப்புத் தோல் நிறத்தில் அது சும்மா கிடந்தது, கிடக்கவேண்டிய நேரம் அது. கரியெல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, முறத்தால் வீசி, கனகனவென்று ஆனதும் அதன்மேல் நேராகச் சட்டியை வைத்தாள். சட்டி காய்ந்தது. கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்து, அதன் மேலிருந்த காற்று நெளியத் தொடங்கியது. வெண்ணெயும் பூண்டும் எடுக்க அவள் உள்ளே போன அந்தச் சமயம் பார்த்து, காலையிலிருந்து திருநாள் வேலையில் பச்சைத்தண்ணீர் குடிக்காத தனிஸ்லாஸ் கோயிலைப் பூட்டிவிட்டு வந்தார், மேசையைப் பார்த்தார், மேசைமேல் கறியைப் பார்த்தார். நெற்றிக்குக் கை போனது. அவர் கண்ணை மூடி ஒரு சொல் விடாமல் முழுச் செபமும் சொல்லி முடிக்க, பழக்க தோஷத்தில் எங்கள் சனம் முழுவதும் ஒரே குரலில் "ஆமென்" என்றது.

வெண்ணெயோடு வந்த பெர்பெத்து தட்டைப் பிடித்தாள். தட்டின் மறுபக்கத்தை அமலோற்பவம் பிடித்திருந்தாள்.

"செபம் சொல்லியாச்சு."

"எதுக்கு?"

"சாப்பாட்டுக்கு."

"இது இன்னும் சாப்பாடே ஆகலையே அண்ணி!"

"அப்போ ஊரே சேர்ந்து எதுக்கு ஆமென் சொன்னோம்?"

கரடிப்பாறை வளைவில் செபம் சொன்ன சாப்பாட்டை மறுபடி அடுப்பில் ஏற்றமாட்டோம். ஆறிப்போனால் ஆறினபடி தின்போம், உப்பில்லாவிட்டால் உப்பில்லாமல் தின்போம். ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களும் இல்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு அதில் குற்றம் கண்டுபிடிப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். தட்டு இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு என்று போய்க்கொண்டிருக்க, பின்னால் சட்டி காய்ந்துகொண்டே இருந்தது.

"மஸ்கட்ல செபம் கிடையாதோ?"

"உண்டு. கறி ஆனதுக்கு அப்புறம் உண்டு."

"ஆகாத கறியை மேசையில ஏன் வெச்சே?"

"கூட்டாளின்னு நம்பி வெச்சேன். உன்னைய இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே தப்பு!"

அமலோற்பவம் தட்டை விட்டுவிட்டாள். பிறகு அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கூட்டிட்டு வந்தே. வந்து, விட்டுட்டுப் போயிட்டே."

அமலோற்பவம் பெர்பெத்துவின் கையிலிருந்து தட்டை வாங்கி, கத்தியை எடுத்து, அந்தச் செருப்பு நிறக் கறியை அப்படியே துண்டுபோட்டு எல்லோருக்கும் பரிமாறினாள். நாங்கள் தின்றோம். தின்றுவிட்டு டீக்கடைக் குஞ்சுமோன் "மோசமில்லை கேட்டோ, கொஞ்சம் மிளகுப்பொடி இருந்தா..." என்று ஆரம்பித்தார், பெர்பெத்துவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார். அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மேல் வளைவில் பூட்டிக் கிடந்த எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடந்தாள். போகும்போது அண்ணனிடம் மட்டும் சொன்னாள்: "சட்டி ஆறட்டும். வந்து எடுத்துக்கிட்டு மஸ்கட்டுக்கே போயிடறேன்."

சட்டி ஆறவில்லை.

சாயங்காலம் கரி சாம்பலானது, சட்டி ஆறவில்லை. மறுநாள் தகரக் கூரையின் ஓட்டை வழியே மழை நேராக அதற்குள் பெய்தது, சட்டி ஆறவில்லை. தண்ணீர் அதைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்பே ஆவியாகித் திரும்பிப் போனது. ஒரு வாரம் போனது, அந்தோனியார் கோயில் கொடி இறங்கியது, தேயிலை தளிர்விட்டது, அட்டைப்பூச்சி வந்தது, சட்டி ஆறவில்லை. சூடாக்கும்போது ஒரு பெண் கறியை உன்மேல்தான் சுடுவேன் என்று அதற்கு ஒரு சொல் கொடுத்திருந்தாள், அந்தச் சொல்லுக்காக அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் கெட்டிலை வைத்தவர் குஞ்சுமோன். கேஸ் தீர்ந்துபோன ஒரு காலையில், "சேச்சி, ஒரு டீத்தண்ணி மட்டும்" என்று அமலோற்பவத்திடம் கேட்டுவிட்டு வைத்தார். கொதித்தது. அடுத்த நாள் கேஸ் இருந்தும் வந்தார். பின்னாலேயே பக்கத்துவீட்டுச் சனம் ஈரச் சீருடையோடும் ஈரச் சாக்கோடும் ஈரத் தலையோடும் வந்தது. வாசலில் கூட்டம் தாங்காமல் போகவே, தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுகிற பொன்னுரங்கம், எங்கள் வளைவு நலச் சங்கத்துக்குத் தலைவரும் அவரே, சட்டியை அடுப்போடு பஸ் நிழற்குடைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார். நான்கு பேர் சவுக்குக் கம்பில் தோள் கொடுத்து, அந்தோனியார் சப்பரம் போகிற அதே பாதையில், அதே வேகத்தில், அதே மாதிரி ஒவ்வொரு வீட்டு முன்னும் நின்று நின்று தூக்கிப்போனார்கள். சில வீடுகளில் கும்பிடவும் செய்தார்கள், பிறகு என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையை இறக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு எங்கள் வளைவின் வாழ்க்கை சட்டியைச் சுற்றியே நடந்தது. காலையில் குஞ்சுமோனின் தோசை, அதற்குமேல் கொடி கட்டிச் சீருடைகள், மத்தியானம் கருவாடு, பிறகு அடைமழையில் பூசணம் பூத்துப்போகிற மிளகாய், சாயங்காலம் முழங்கால் வலிக்காரர்கள் வரிசையாக முழங்காலை நீட்டி உட்காருவார்கள். சாமியாரின் அங்கி வருஷத்தில் பாதி ஈர நாய் வாடை அடிக்கும், அந்த வருஷம் மொடமொடவென்று காய்ந்து, பூசையில் அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் சத்தம் கேட்டது. இப்படி ஒரு சட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எந்தத் துறை என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார், கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார், இரண்டு ஆம்லெட் சாப்பிட்டார், "நல்லா பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு குறை. அந்தச் சட்டி சத்தம் போடாது. தோசை மாவை ஊற்றினால் வேகும், சொய்யென்று ஒரு சத்தம் வராது. கடுகு வெடிக்கும், வெடிக்கிறது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. ஆம்லெட் பனி விழுவதுபோல ஓசையில்லாமல் பொரியும். முதலில் விளையாட்டாக ஊமைச் சட்டி என்றோம், போகப்போக அதன் பக்கத்தில் நின்றால் எங்களுக்கும் குரல் தாழ்ந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தகவலுக்குக் காத்திருக்கிற ஒரு ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்பதுபோல ஒரு கூச்சம். அது எதற்குக் காத்திருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் வெளியே மழை.

இப்போது எங்கள் வளைவுச் சனம் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். நலச் சங்கக் கூட்டத்தில் பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "யாரையும் சண்டை போடச் சொல்லலை. அது பாவம். சமாதானம் ஆகாம பார்த்துக்கிட்டா போதும், அதுவும் மழை விடற வரைக்கும்." எல்லோரும் தலையாட்டினோம். அன்றிலிருந்து, மேல் வளைவுக்குப் போகிறவர்கள் கீழ் வளைவிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுபோனார்கள், கீழே வருகிறவர்கள் மேலேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள், வழியில் அதற்குக் கொஞ்சம் மிளகாய்ப்பொடி சேர்ந்தது. "பெர்பெத்து நல்லா இருக்காளா?" என்று அமலோற்பவம் கேட்டால், மேலே போய்ச் சேரும்போது அது "இன்னும் இங்கதான் இருக்காளா?" என்று ஆகியிருக்கும். சாமியார்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் சேர்த்துவைத்தே தீருவது என்று கிளம்பினார். நிழற்குடையைத் தாண்டும்போது கொடியில் தன் அங்கி பாதி காய்ந்திருப்பதைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், "எதுக்கும் ஒரு நேரம் கனியணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார்.

தனிஸ்லாஸ் மட்டும் எதிலும் சேரவில்லை. கீழ் வீட்டில் ஒரு சாப்பாடு, மேல் வீட்டில் ஒரு சாப்பாடு என்று ஏறி இறங்கியதில் கால் தேய்ந்தது, வயிறு வளர்ந்தது. கோயிலில் அவர் மணியடித்தார், மெழுகுத்திரி ஏற்றினார், ஆனால் எந்தச் சாப்பாட்டின் முன்னும் செபம் சொல்லவில்லை. நெற்றிவரை கை போகும், சட்டியை நினைத்ததும் திரும்பி வந்து மடியில் உட்காரும், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவார்.

ஐப்பசியில் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. பழைய இடம் காலியாக இருக்கிறது, உடனே வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மாவுக்கு மெழுகுத்திரி ஏற்றிவிட்டு மறுநாள் காலைப் பஸ்ஸுக்குக் கிளம்புவதாகப் பெர்பெத்து சொல்லிவிட்டாள். "அப்போ சட்டி?" என்று பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கொதிக்கிற சட்டிய ப்ளேன்ல ஏத்துவாங்களா? அது இங்கயே கிடக்கட்டும்" என்றாள். எங்களுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. சங்கத்தில் அவளுக்கு ஒரு சால்வை எடுத்தோம், அதை நன்றாகக் காயவைத்தும் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்தது என்று இருந்திருக்கலாம். குஞ்சுமோன் அந்த மிளகாய்ப்பொடியை ஒரு கை கூடுதலாகப் போட்டுவிட்டார். கடைசி நேரத்தில் இரண்டு பேரும் கண்ணீர்விட்டுக் கட்டிப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் அமலோற்பவத்திடம் வந்தார்.

"சேச்சி, கேட்டப்போ எனிக்கே சங்கடமாப் போச்சு. போற நேரத்துல அவ இப்படிப் பேசலாமா?"

"என்ன சொன்னா?"

"உங்க மத்திக் குழம்புல உப்பைப் பார்த்துக் கடலே வெக்கப்படுமாம். திங்கத் திங்க வாய் வெந்துபோச்சாம்."

"மத்திக் குழம்பா?"

"பின்னே! என்ற ரெண்டு காதால கேட்டதாக்கும்."

"அவ மத்திக் குழம்பு தின்னுட்டுச் சொன்னாளா?"

"வழிச்சு நக்கிட்டுச் சொன்னா சேச்சி."

ஆறாம் வகுப்புக்குப் பிறகு பெர்பெத்து மீன் வாசனை வருகிற தெருவிலேயே நடக்கமாட்டாள். அமலோற்பவம் குஞ்சுமோனைப் பார்த்தாள். மெதுவாக அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனியிலிருந்து சிரிக்காத சிரிப்பு முழுவதும் சேர்ந்து வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். குஞ்சுமோன் பயந்துபோய் நேராகக் கடைக்கு வந்து அரை கிலோ சர்க்கரையைக் கை தவறித் தரையில் கொட்டினார்.

மறுநாள் அவள் கூடலூர் மார்க்கெட்டுக்குப் போனாள். மூன்று விரலைக் காட்டி அதே கனத்தில் கறி வெட்டச் சொன்னாள், உப்புத் தடவி வைத்தாள். பெர்பெத்து பஸ் ஏறவேண்டிய அன்று விடிந்தும் விடியாமலும் பார்த்தால், அமலோற்பவம் வீட்டு வாசலில் புகை. டிரம்மின் ஒரு பாதிதான் எங்களிடம் இருந்தது, மூடியாக இருந்த மறுபாதி அங்கேயே கிடந்திருக்கிறது. அதை மல்லாத்தி, ஒரு ஓரத்தில் கரி, மறு ஓரத்தில் கறி, மேலே ஒரு தகரம்.

ஐந்து நிமிஷத்தில் நலச் சங்கம் முழுவதும் வாசலில் நின்றது.

"அமலோற்பவம்," என்றார் பொன்னுரங்கம், "கோபம் தீர்ந்துபோச்சுன்னா வாயால சொல்லிட்டுப் போகக்கூடாதா? சட்டியில வெச்சுத்தான் தீர்க்கணுமா?"

"வாயால சொல்ல எனக்கு வராது. அவளுக்கும் வராது."

"இன்னும் மழை விடலையேம்மா. உங்க வீட்டுத் துணியும் அங்கதானே காயுது?"

"ஈரத்தோட கட்டிக்கிறேன்."

"சட்டி ஆறிப்போச்சுன்னா இத்தனை சனம் என்ன பண்ணும்?"

அவள் தகரத்தைத் தூக்கினாள். முள் கம்பியெல்லாம் அவளிடம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை முதலில் தன் கழுத்தில் வைத்தாள், பிறகு கறியில் வைத்தாள். இறக்கித் தட்டில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத்துணி போட்டு மூடிக்கொண்டு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம், தடுக்கவும் தைரியமில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நிழற்குடையில் பெர்பெத்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெட்டி, மடியில் நாங்கள் கொடுத்த சால்வை, எதிரே சட்டி. வழியனுப்ப வந்த தனிஸ்லாஸும் முந்தின நாள் கல்லறைப் பூசைக்கு வந்து தங்கிவிட்ட சாமியாரும் பக்கத்தில் நின்றார்கள். பஸ் கீழ் வளைவில் முனகிக்கொண்டு ஏறுவது கேட்டது. அமலோற்பவம் யாரையும் பார்க்கவில்லை. தட்டை பெஞ்சில் வைத்து, துணியை எடுத்து, ஒரு கறித்துண்டை விரலால் பிடித்து நேராகச் சட்டிக்குமேல் கொண்டுபோனாள்.

"அய்யோ!" என்றாள் பெர்பெத்து.

அமலோற்பவத்தின் கை நின்றது.

"ஈரத்தைத் துடைக்காம போடுவாங்களா யாராவது? ஈரம் இருந்தா அவிஞ்சுதான் போகும், சுடாது. எத்தனை பாடுபட்டு..." எழுந்து வந்து, மடியில் இருந்த எங்கள் சால்வையாலேயே கறியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒற்றி எடுத்தாள். அது நல்ல சால்வை.

"வெண்ணெய் எங்க?"

அமலோற்பவம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"இப்ப வேண்டாம். கடைசியில. இப்பவே போட்டா கருகிரும். பூண்டு?"

"இருக்கு."

"உரிக்கலையா?"

"நீதானே எப்பவும் உரிப்பே."

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் திரும்பாததைப் பார்த்து டிரைவர் இன்னொரு தடவை அடித்தார், அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார், அவர் பின்னால் பயணிகளும் இறங்கி வந்தார்கள். பெர்பெத்து பூண்டு உரித்தாள். பெஞ்சின்மேல் தட்டு, தட்டில் கறி, சும்மா கிடக்கவேண்டிய கறி சும்மா கிடந்தது. தனிஸ்லாஸின் கை மெல்லக் கிளம்பியது. நெஞ்சைத் தாண்டியது. நெற்றிக்கு ஒரு விரல் இருக்கும்போது சாமியார் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் தனிஸ்லாஸ். இன்னும் ஆகலை!"

ஒரு சாமியார் செபத்தைத் தடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"போடு" என்றாள் பெர்பெத்து. அமலோற்பவம் போட்டாள்.

சத்தம் வந்தது. கறியின் சத்தம் மட்டும் வரவில்லை. ஆனியிலிருந்து அந்தச் சட்டியில் ஓசையில்லாமல் வெந்த தோசைகள் அத்தனையின் சத்தமும், ஊமையாக வெடித்த கடுகுகளும், பொரிந்த ஆம்லெட்டுகளும், அதன்மேல் பெய்து தொடாமலே திரும்பிப்போன மழையும் ஒரே நேரத்தில் சொர்ரென்று எழுந்து, நிழற்குடைத் தகரத்தில் மோதி, தேயிலைச் சரிவில் உருண்டு, வளைவு வளைவாக இறங்கிப்போனது. கூடலூர்ச் சந்தையில் சனம் மழை என்று நினைத்துக் குடையை விரித்ததாம். தன் கடைத் தோசை ஒவ்வொன்றையும் அந்தச் சத்தத்தில் தனித்தனியாக அடையாளம் கண்டதாகக் குஞ்சுமோன் இன்றும் சொல்கிறார், அவர் சொல்வதை அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் நம்புகிறோம்.

"திருப்பு."

"இப்பவேவா?"

"இப்ப. நகராம இருந்தா விடு, தானா விட்டுக்குடுக்கும். ஆங், பாரு."

ஒரு பக்கம் காய்ச்சிய வெல்லத்தின் நிறத்தில் மினுங்கியது. மறுபக்கமும் ஆனது. பூண்டு விழுந்தது, வெண்ணெய் விழுந்து நுரைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் துண்டுகளும் ஆகி, கடைசித் துண்டு ஆகும்போது சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, முனகி, நின்றது. பொன்னுரங்கம் மெதுவாகக் கையை நீட்டிச் சட்டியின் விளிம்பைத் தொட்டார். ஆற்றுக்குள் கிடக்கிற கல் மாதிரி அது ஜில்லென்று இருந்தது. எங்கள் தலைக்குமேல் கொடியில் துணிகள் அந்த நிமிஷமே ஈரம் இழுக்க ஆரம்பித்தன.

அமலோற்பவம் கறியைத் தட்டில் எடுத்தாள்.

"இனி கொஞ்ச நேரம் சும்மா வைக்கணுமா?"

"வேண்டாம்" என்றாள் பெர்பெத்து. "தலைகீழ்ல அது கிடையாது. காத்திருக்கிறதெல்லாம் முன்னாடியே காத்திருந்தாச்சு."

"நானும்தான்" என்றாள் அமலோற்பவம், தட்டைப் பார்த்துக்கொண்டு.

டிரைவர் மணியைப் பார்த்தார். "அக்கா, ஏறுறீங்களா?" பெர்பெத்து காலால் பெட்டியைத் தள்ளினாள், அது சறுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. சட்டியில்லாத பெட்டி, லேசாகத்தான் இருந்தது.

அமலோற்பவம் தட்டைப் பெஞ்சின் நடுவில் வைத்தாள். யாரும் கையை நீட்டவில்லை. வெளியே மழை, உள்ளே பூண்டு வாசனை, அத்தனை பேரின் வாயிலும் எச்சில்.

"இப்ப சொல்லலாமா?"

"இப்ப சொல்லச் சொல்லு, அமலி."

சாமியார் தனிஸ்லாஸின் கையை விட்டார். அது நெற்றிக்குப் போனது. அவர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். ஆனியிலிருந்து சொல்லாமல் விழுங்கிய செபங்கள் கீழ் வீட்டுச் சோற்றுக்கு ஒன்று, மேல் வீட்டுச் சோற்றுக்கு ஒன்று, குஞ்சுமோன் கடையின் ஒவ்வொரு பன்னுக்கும் ஒன்று என்று வரிசை கட்டி வர ஆரம்பித்தன. பன் முடிந்து கஞ்சி வந்தது, கஞ்சி முடிந்து கருவாடு வந்தது, டிரைவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார், வெண்ணெய் தட்டின் ஓரத்தில் உறையத் தொடங்கியது, கறியிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து மெலிந்து நூலானது, தனிஸ்லாஸ் அப்போதுதான் ஆவணி மாதத்துக்குள் நுழைந்தார். பெர்பெத்து அமலியைப் பார்த்தாள். அமலி பெர்பெத்துவைப் பார்த்தாள். செபம் சொன்ன கறி ஆறிப்போனால் எங்கள் வளைவில் மறுபடி அடுப்பில் ஏற்றமாட்டோம்.

"ஆமென்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.